கண்ணாடிக்காரர் தெளிய வைத்த ஏரி

ஊரில் அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் சொல்வார்கள். புதிதாகக் கேட்கிறவர்கள், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். கடையும் கிடையாது, மூக்கில் கண்ணாடியும் கிடையாது. ஐம்பத்தேழு வயதிலும் ஊசியில் நூல் கோக்கிற பார்வை. ஏரிக்கரைக் குடிநீர் நிலையத்தில் முப்பத்தொரு வருஷமாகத் தண்ணீரைச் சுத்தம் செய்து ஊருக்கு அனுப்புகிற வேலை. யார் எங்கே பார்த்து என்ன கேட்டாலும், "நம்ம தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்" என்று ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தார். அந்தப் பேச்சே பேராக ஒட்டிக்கொண்டது. அதில் அவருக்கு ஏகப் பெருமை. பெருமைப்படட்டும், யார் வேண்டாம் என்றது? அந்தப் பெருமை நாலு உயிரைக் குடித்துவிட்டுப் போனது என்பதால்தான் இதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேலையில் குறை சொல்ல முடியாத மனிதர், அதையும் சொல்லிவிட வேண்டும். ஏரியிலிருந்து குழாய் வழியாக வருகிற தண்ணீரில் படிகாரம் கலப்பார். கசடெல்லாம் திரண்டு தொட்டியின் அடியில் தங்கும். மேலே நிற்கிற தண்ணீர் மணல் தொட்டிகளில் வடிந்து இறங்கும், கடைசியில் குளோரின் சேர்ப்பார். இதற்கென்று மீட்டர்களும் காகிதங்களும் இருந்தாலும் அவர் நம்பியது தன் கண்ணைத்தான். காலையில் வந்ததும் ஒரு கண்ணாடி ஜாடியில் தண்ணீர் பிடித்து ஜன்னல் விளிம்பில் வைப்பார். ஜாடிக்குப் பின்னால் அன்றைய செய்தித்தாளின் வரி விளம்பரப் பக்கத்தைப் பிடித்து, பொடி எழுத்து தெரிகிறதா என்று படித்துப் பார்ப்பார். வீடு வாடகைக்கு, பழைய தையல் மெஷின் விற்பனைக்கு என்று வாய்விட்டுப் படிக்க முடிந்தால் அன்றைக்குத் தண்ணீர் பாஸ். கண்ணுக்குத் தெரியாத ஒன்று தண்ணீரில் இருக்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார்.

நிலையத்துச் சுவரில் ஒரு பழைய டெலிபோன் இருந்தது. ஊர்க்காரர்கள் குறை சொல்ல வேண்டுமானால் அதில்தான் கூப்பிட வேண்டும். தண்ணீர் நாறுகிறது, மஞ்சளாக வருகிறது, புழு நெளிகிறது என்று எது சொன்னாலும் அந்த டெலிபோனுக்கு ஒரே பதில்தான் உண்டு. "இங்க ஒண்ணும் மாறலைங்க, எப்பவும் போலத்தான். உங்க வீட்டுத் தொட்டியக் கழுவிப் பாருங்க." இதை யாரும் உத்தரவாகப் போட்டதில்லை. வேலைக்கு வந்த எல்லோரும் அப்படியே சொன்னார்கள், இவரும் சொன்னார். முப்பத்தொரு வருஷத்தில் அந்தப் பதில் யோசிக்காமலே வாயிலிருந்து வரப் பழகிவிட்டது.

வீட்டில் அவரும் மனைவியும் மட்டும், குழந்தை இல்லை. மனைவி பள்ளிக்கூடச் சீருடைகள் தைப்பவள். கூடத்தில் பாதி இடத்தை மெஷினும் நீலத் துணிக் கட்டுகளும் பிடித்துக்கொள்ள, மீதிப் பாதியில் அவள் தம்பியின் கட்டில் கிடந்தது. தம்பி முன்பு பஸ் கண்டக்டர். யார் எவ்வளவு பெரிய நோட்டு நீட்டினாலும் "சில்லறை இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதால் அந்தத் தடத்தில் அவன் பேரே சில்லறை. நாற்பது வயதுக்குள் இரண்டு சிறுநீரகமும் கையை விரித்துவிட்டன. வேலை போயிற்று, பெண் கொடுப்பதாக இருந்தவர்கள் நைசாக நழுவிக்கொண்டார்கள், அவன் அக்காள் வீட்டோடு வந்துவிட்டான். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். மற்ற நாளெல்லாம் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு மாமாவை வம்புக்கு இழுப்பதுதான் அவன் உத்தியோகம்.

அவனுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "ஊருக்கெல்லாம் லட்சம் லட்சமா தண்ணி விடறவரு எங்க மாமா. சொந்த மச்சானுக்கு அரை லிட்டர்தானாம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புகார் செய்வான். இவரும் விடமாட்டார். "அளவா குடிடா, சில்லறை இல்ல" என்பார். மனைவி மெஷினை நிறுத்தாமலே சிரிப்பாள். பிள்ளை இல்லாத வீட்டில் அந்த மச்சான்தான் சத்தமும் சண்டையுமாக இருந்தான். அவர் அவன்மேல் உயிரையே வைத்திருந்தார், வாய்திறந்து சொன்னதில்லை.

ஒருநாள் அவன் டயாலிசிஸ் மெஷினைப் பற்றி அவருக்குப் பாடம் எடுத்தான். நாலு மணி நேரத்தில் நூற்றிருபது லிட்டர் தண்ணீர் அந்த மெஷினுக்குள் ஓடும். அவனுடைய ரத்தம் ஒரு பக்கம், தண்ணீர் மறுபக்கம், நடுவில் மெல்லிய சவ்வு ஒன்றுதான். "நீங்க குடிக்கறது வயித்துக்குப் போவுது, ஈரலுக்குப் போவுது, அதுங்க வடிகட்டித்தான் உள்ள விடும். எனக்கு நேரா ரத்தத்துக்கு மாமா. உங்க தண்ணிய நம்பித்தான் என் ரத்தமே ஓடுது." கேட்டுவிட்டுப் பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டார். அதில் பயப்பட ஏதோ இருக்கிறது என்று அவர் மண்டைக்கு உறைக்கவில்லை.

அந்த வருஷக் கோடை ஏரியைப் பாதியாகச் சுருக்கிவிட்டது. வயல்களிலிருந்து உரமும் ஊரிலிருந்து சாக்கடையும் வழக்கம்போல வந்து சேர்ந்தன. கலந்து கரையத்தான் தண்ணீர் இல்லை. ஒரு வாரத்தில் ஏரி பச்சையாகிவிட்டது. நீலப்பச்சைப் பாசி. யாரோ டின் டின்னாகப் பெயிண்டைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி கரையோரமெல்லாம் கெட்டியாக ஆடை படிந்தது, வெயிலில் அழுகி நாறியது. கரையில் தண்ணீர் குடித்த நாயொன்று வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது. குளித்த பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. இதையெல்லாம் அவர் பார்த்தார். நாய்க்கு யாரோ மருந்து வைத்திருப்பார்கள் என்றார், பிள்ளைகளுக்கு வேர்க்குரு என்றார். அவருக்கு உறுத்தியது ஜாடிதான். வரி விளம்பரம் படிக்க முடியவில்லை. மணல் தொட்டிகள் பாசியால் அடைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு மூன்று முறை கழுவ வேண்டியிருந்தது. அப்படியும் தண்ணீரில் ஒரு மண்வாடை.

ஊர் சும்மா இருக்குமா? கண்ணாடிக்காரரே, கண்ணாடிக்குப் பச்சை பெயிண்ட் அடிச்சுட்டீங்களா என்று டீக்கடையில் கேட்டார்கள். மளிகைக்கடைக்காரர் ஒரு பாட்டில் தண்ணீரைப் பிடித்துக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினார். மனிதர் கூனிக் குறுகிப் போனார். நிலையத்துப் பொறியாளரிடம் போய், ஏரியில் மயில்துத்தம், அந்த நீலத் தாமிர உப்பு, போட்டால் பாசி செத்து இரண்டே நாளில் தெளிந்துவிடும், பத்து வருஷத்துக்கு முந்தி போட்டிருக்கிறோம், கிடங்கில் பழைய மூட்டைகளும் இருக்கின்றன என்றார். பொறியாளர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. எப்படியாவது தெளிவாக்குங்கள், எப்படி என்று எனக்குத் தெரிய வேண்டாம், பதிவேட்டில் எழுதவும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஏன் எழுத வேண்டாம் என்றார் என்பதற்கும் காரணம் இருந்தது. நாலு வருஷத்துக்கு முந்தி மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. பாசி அடர்ந்து நிற்கும்போது துத்தம் போடக் கூடாது, வேறு வழியே இல்லாமல் போட்டால் ஏரித் தண்ணீர் எடுப்பதை நிறுத்தி வைத்து, ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும் என்று அதில் இருந்தது. அதன் அடியில் 'படித்தேன்' என்று எழுதிக் கண்ணாடிக்காரர் கையெழுத்துப் போட்டிருந்தார். படித்தது என்னவோ அந்த ஒரு வார்த்தையைத்தான். மற்ற சுற்றறிக்கைகளுக்கும் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தார். பொறியாளர் முழுவதும் படித்தவர், அதனால்தான் தெரிய வேண்டாம் என்றார்.

திங்கட்கிழமை விடிந்ததும் மயில்துத்தத்தைச் சாக்குகளில் கட்டிப் படகின் பின்னால் தொங்கவிட்டு, ஏரி முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்தார். சாக்கிலிருந்து நீலம் கரைந்து படகுக்குப் பின்னால் கோடாக ஓடியது. மதியம் வீட்டுக்கு வந்தபோது கையெல்லாம் நீலம். மச்சான் டயாலிசிஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். "என்ன மாமா, அக்கா தைக்கிற யூனிபார்முக்குச் சாயம் போட்டீங்களா?" என்று கேட்டான். துத்தம் போட்ட கதையை அவர் சொன்னார். புதன்கிழமை பார், ஏரியில் உன் மூஞ்சி தெரியும் என்றார்.

சொன்னபடி தெரிந்தது. புதன்கிழமை காலை ஏரியில் பச்சையைக் காணோம். ஜாடிக்குப் பின்னால் பொடி எழுத்து பளிச்சென்று இருந்தது. டீக்கடையில் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். மளிகைக்கடைக்காரரே வந்து கையைக் குலுக்கினார். டீக்குக் காசு வாங்கவில்லை.

அன்று மத்தியானம் டயாலிசிஸ் அறையில் பதினொரு பேர் மெஷினில் இருந்தார்கள். இரண்டாவது மணி நேரத்திலேயே ஒவ்வொருவராகக் கண் வலிக்கிறது என்றார்கள். பார்வை மங்குகிறது, தலை பிளக்கிறது என்றார்கள். பிறகு வாந்தி. மச்சான் வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்தான். ராத்திரிச் சாப்பாட்டை அக்காள் கெஞ்சியும் தொடவில்லை. வழக்கமாக வருகிற அசதிதான் என்று அவனே சமாதானம் சொன்னான்.

வியாழக்கிழமை பத்து மணிக்குச் சுவர் டெலிபோன் அடித்தது. ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்குத் தண்ணீர் தயார் பண்ணுகிற டெக்னீஷியன் பேசினார். பாவம், மரியாதையான மனிதர். நேற்று எல்லோருக்கும் உடம்புக்கு முடியாமல் போய்விட்டது, எங்கள் கரி வடிகட்டியும் பழசு, உங்கள் பக்கம் தண்ணீரில் புதிதாக ஏதாவது சேர்த்தீர்களா என்று கேட்டார்.

"இங்க ஒண்ணும் மாறலைங்க. எப்பவும் போலத்தான்."

பழக்கம்தான், முதலில் வாய் சொல்லிவிட்டது. ஆனால் அந்த மனிதர் விடாமல், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார் என்று இரண்டாம் முறை கேட்டாரே, அப்போது சொல்லியிருக்கலாமே? அப்போது வாய் தானாகச் சொல்லவில்லை, இவர்தான் சொன்னார். எழுதாத துத்தம், பொறியாளர், எட்டு மாதத்தில் வரப்போகிற ஓய்வு, டீக்கடையில் நேற்றுக் கிடைத்த கைகுலுக்கல் எல்லாம் ஒரு நிமிஷத்தில் மனதுக்குள் வந்து போயின. இல்லைங்க, ஒண்ணும் சேர்க்கலை என்றார்.

ரிசீவரை வைத்துவிட்டுச் சோதனை மேஜைக்குப் போனார். உடனே தண்ணீரில் தாமிரம் எவ்வளவு இருக்கிறது என்று சோதித்துப் பார்த்தார். அளவுக்குள்ளேதான் இருந்தது. இரண்டாம் முறை பார்த்தார், அப்போதும் அப்படியே. அப்பாடா என்று இருந்தது. போட்ட துத்தம் அளவுக்குள் இருக்கிறது, ஆகவே தண்ணீரில் கோளாறில்லை, ஆகவே நான் சொன்னது பொய்யே இல்லை என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். விஷம் துத்தத்தில் இல்லை, பாசியில் இருந்தது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள், அவர்களுக்குத் துத்தம் போட்டது தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையில் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று மச்சானின் முகத்தைப் பார்க்காமலே கிளம்பிப் போனார். ஒரு மணிக்கு அவருடைய செல்போனில் மச்சான் கூப்பிட்டான். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பேசினான்.

"மாமா, இங்க யாரும் மெஷின்ல உட்கார மாட்டேங்கறாங்க. பயப்படறாங்க. திங்கக்கிழம துத்தம் போட்டீங்களே, அதனால ஏதாவது இருக்குமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நானே ரெண்டு தடவ டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன். தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடவா?"

"வேணாம்டா. துத்தம் போட்டத யார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்காத, வேல பிரச்சனையாயிடும். நீ தைரியமா உட்காரு."

"நீங்க சொன்னா சரி மாமா" என்று வைத்துவிட்டான்.

உள்ளே போய் அவன் என்ன செய்தான் என்பதை ஒரு நர்ஸ் பிறகு சொன்னாள். முதலில் போய்த் தானே நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினான். "எங்க மாமாகிட்டயே கேட்டுட்டேன். தண்ணி விடறதே அவர்தான். நல்லாருக்குன்னுட்டார், வாங்க வாங்க, உள்ள போங்க" என்று பஸ்ஸில் ஆள் ஏற்றுகிற குரலில் எல்லோரையும் கூப்பிட்டான். பக்கத்து நாற்காலி பூட்டுக்கடைக்காரருடையது. அவர் தன் மனைவியைப் பார்த்தார். மூன்று வருஷமாக ஒவ்வொரு தடவையும் கூடவே வந்து வாசலில் காத்திருக்கிற அந்த அம்மாள், இன்றைக்கு வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மச்சான் பேசியதைக் கேட்டதும் கையை விட்டாள். பதினொரு பேரும் உட்கார்ந்தார்கள், நாலு மணி நேரம் மெஷின் ஓடியது.

சனிக்கிழமை காலையில் மச்சானின் கண் மஞ்சளாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மற்றவர்களும் வரிசையாக வந்து சேர்ந்தார்கள். ஈரல் வீங்கியிருக்கிறது என்று தெரிந்ததே தவிர ஏன் என்று தெரியவில்லை. டயாலிசிஸ் அறையைப் பூட்டி, முடிந்தவர்களை வெளியூருக்கு அனுப்பினார்கள். டாக்டர் ஒவ்வொரு கட்டிலாக வந்து, தண்ணீரைப் பற்றி ஏதாவது தெரியுமா, எதையாவது கேள்விப்பட்டீர்களா என்று விசாரித்தார். மச்சானிடமும் கேட்டார். அவன் மாமாவின் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, ஒண்ணும் தெரியாது டாக்டர் என்றான்.

டாக்டர் நகர்ந்ததும் மெதுவாக, "மாமா, சொல்லிடலாமா?" என்று கேட்டான். அக்காள் அப்போது மருந்து வாங்கப் போயிருந்தாள்.

"இரு, பாக்கலாம்" என்றார் இவர்.

என்னத்தைப் பார்ப்பது? அவன் உடம்பு இவர் கண் முன்னாலேயே மஞ்சளாகிக்கொண்டிருந்தது. ஈறில் ரத்தம் கசிந்தது, ஊசி போட்ட இடமெல்லாம் கன்றிக் கறுத்தது. செவ்வாய்க்கிழமையோடு பேச்சு குழறிப்போயிற்று. அக்காளைப் பார்த்து டிக்கெட் டிக்கெட் என்றான். வியாழக்கிழமை விடியற்காலையில் போய்விட்டான். அவனுக்குப் பின்னால் இரண்டு வாரத்தில் பூட்டுக்கடைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் போனார்கள்.

பரிசோதனையில் பாசி விஷத்தோடு தாமிரமும் தென்பட, துத்தம் போட்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்ட டாக்டர் எல்லா வீட்டுக்காரர்களையும் ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி விளக்கினார். இந்தப் பாசிக்குள் ஈரலைத் தின்கிற விஷம் ஒன்று இருக்கிறது. பாசி உயிரோடு இருக்கிற வரைக்கும் விஷத்தில் பெரும்பகுதி அதற்குள்ளேயே கிடக்கும், மணல் தொட்டி பாசியைப் பிடித்துக்கொள்ளும்போது விஷமும் அதோடு நின்றுவிடும். துத்தம் போட்டால் பாசி செத்து உடைந்து விஷம் மொத்தமும் தண்ணீரில் கரைந்துவிடும். மணலில் நிற்காது, கொதிக்க வைத்தாலும் போகாது. பார்க்க மட்டும் தண்ணீர் சுத்தமாக இருக்கும். குடித்தவர்களுக்கு வயிற்றோட்டத்தோடு போயிருக்கலாம், இவர்களுக்கு நேராக ரத்தத்தில் இறங்கிவிட்டது. "துத்தம் போட்டாங்கன்னு ஒரே ஒரு போன் வந்திருந்தா வெள்ளிக்கிழம மிஷின ஓட்டியே இருக்க மாட்டோம். புதன்கிழமையோட நின்னிருக்கும், இவ்வளவு பேரும் பொழச்சிருப்பாங்க" என்றார் டாக்டர். கண்ணாடிக்காரர் சுவரோடு சுவராக நின்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி மெஷினில் உட்கார்ந்தாள். நாலு நாள் தைத்துக்கொண்டே இருந்தாள். ஐந்தாம் நாள் சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். மேலே இருக்கறவங்க சொன்னாங்க, நீங்க செஞ்சீங்க, உங்களுக்கு விஷமாகும்னு தெரியாது, தெரிஞ்சா அவனுக்குச் செய்வீங்களா என்றாள். சொல்லி முடித்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தன் தம்பியை முழுங்கிய கையை அவள் மன்னித்துவிட்டாள். அந்த மன்னிப்பை இவரும் வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டு போன் வந்த கதையை அப்போதும் மென்று முழுங்கிவிட்டார்.

விசாரணை நடந்தது. எல்லாவற்றையும் நன்றாகப் பூசி மெழுகினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது கேட்டார்களா என்ற கேள்விக்குக் கண்ணாடிக்காரர், யாரும் கேட்கலைங்க என்று எழுதிக் கொடுத்தார். நான் போன் செய்தேன் என்று அந்த டெக்னீஷியன் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். சாட்சி இல்லை, கரி வடிகட்டியை மாற்றாதது அவர் தப்பு என்று அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பொறியாளருக்குப் பதவி உயர்வோடு இடமாற்றம். போகும்போது இவர் தோளைத் தட்டி, உங்க பேரு எங்கயும் வராம பாத்துக்கிட்டேன் என்றார். கடும் வறட்சியால் ஏற்பட்ட இயற்கைப் பாதிப்பு, குடிநீர் நிலையத்தை யாரும் விசாரிக்கவோ எச்சரிக்கவோ இல்லை என்று செய்தித்தாளில் வந்தது. அதைப் படித்தபோது அவருக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அது வந்ததே என்று பிறகு தன்னையே காறித் துப்பிக்கொண்டார். துப்பினால் ஆயிற்றா?

ஒரு மாதம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூட்டுக்கடைக்காரரின் மனைவி வந்தாள். உள்ளே வாங்க என்று கூப்பிட்டதற்கு வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றாள். கையில் அந்தச் செய்தித்தாளை நாலாக மடித்து வைத்திருந்தாள். கண்ணாடிக்காரர் கூடத்தில், மச்சானின் கட்டில் கிடந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, அவர் மனைவியைப் பார்த்துத்தான் பேசினாள்.

"செத்தவனப் பத்திப் பேசக் கூடாதுன்னுதான் இத்தன நாள் வரல. மனசு ஆறல. அன்னிக்கு நான் எங்க வீட்டுக்காரர் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டிருந்தேன். உன் தம்பிதான் மாமாகிட்ட கேட்டுட்டேன், தண்ணி நல்லாருக்குன்னு சொன்னான். பேப்பர்ல போட்டிருக்கு, யாருமே கேக்கலன்னு. வராந்தா ஓரமாப் போய் நின்னுட்டு, போன் பேசின மாதிரி நடிச்சுட்டு வந்திருக்கான். எதுக்கும்மா அப்படி ஒரு பொய்? வெளையாட்டா? அவன் பேச்ச நம்பி நான் கைய விட்டுட்டேன்."

மற்ற இரண்டு வீட்டிலும் இதையேதான் சொல்கிறார்கள், பேரைச் சொன்னாலே சபிக்கிறார்கள் என்றாள்.

 தம்பியை அக்காளுக்குத் தெரியும். வாய் ஓயாதவன், சில்லறையைப் பையில் வைத்துக்கொண்டே இல்லை என்கிறவன், பயந்துபோய் நிற்கிறவர்களைப் பார்த்தால் ஏதாவது அளந்து தைரியப்படுத்துகிறவன். அவன் அப்படிச் செய்திருக்க மாட்டான் என்று சொல்ல வாயெடுத்தவளுக்குச் செய்திருப்பானோ என்று தோன்றிவிட்டது. முகம் மாறுவதைக் கண்ணாடிக்காரர் பார்த்தார். இப்போது சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார்.

மனைவி படியிறங்கிப் போய் அந்த அம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "சின்ன வயசுலேர்ந்தே அவன் அப்படித்தாங்க. வாய்க்கு வந்ததச் சொல்லிடுவான். கெட்ட எண்ணம் கிடையாது. அவன் இல்ல, அவனுக்காக நான் கேக்கறேன். மன்னிச்சிடுங்க. மத்தவங்ககிட்டயும் வந்து கேக்கறேன்" என்று குனிந்து அந்தக் கைகளில் முகத்தை வைத்து அழுதாள். பூட்டுக்கடைக்காரரின் மனைவிக்கும் கண் கலங்கியது. போகட்டும் விடும்மா, போனவன் போயிட்டான் என்று சொல்லி, போகத் திரும்பினாள்.

"அவன் கேட்டான்" என்றார் கண்ணாடிக்காரர்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருந்தார்.

"எனக்குத்தான் போன் பண்ணினான். துத்தத்தால ஏதாவது ஆகுமான்னு கேட்டான். நான்தான் தண்ணி நல்லாருக்கு, உட்காருன்னு சொன்னேன். டாக்டர்கிட்ட சொல்லிடவான்னு கேட்டான், வேணாம்னுட்டேன். அதுக்கு மொத நாளு ஆஸ்பத்திரிலேர்ந்தும் கேட்டாங்க. அவங்ககிட்டயும் ஒண்ணும் போடலன்னு சொன்னேன். அவன் எதுவும் பொய் சொல்லல."

பூட்டுக்கடைக்காரரின் மனைவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டுவாள், ஏதாவது எடுத்து எறிவாள் என்று அவர் எதிர்பார்த்தார்.  அவர் மனைவிதான் பேசினாள். சத்தம் போடவில்லை, அழுகைகூட நின்றுபோயிருந்தது.

"நான் அவனுக்காக மன்னிப்பு கேட்டு முடிக்கிற வரைக்கும் எதுக்குச் சும்மா உட்கார்ந்திருந்தீங்க?"

  கேட்டுவிட்டு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மற்ற இரண்டு வீடும் எங்கெங்கே இருக்கிறது என்று பூட்டுக்கடைக்காரரின் மனைவியிடம் கேட்டாள். போன் பண்ணின அந்த ஆஸ்பத்திரிக்காரர் வீடும் தெரியுமா என்றாள். எல்லாம் தெரியும், நான் கூட்டிட்டுப் போறேன் வாங்க என்றாள் அந்த அம்மாள். மனைவி வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு தெருவில் இறங்கி நடந்தாள். அவரை வரச்சொல்லி இருவருமே கூப்பிடவில்லை.